அப்பத்தா முகத்தில் 74 துளைகள்

முதல் பலகையில் அப்பத்தாவின் காது கையோடு வந்துவிட்டது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தீக்குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பார்த்தால் தண்டட்டியும் அது தொங்கும் காது மடலும் ஒரே துண்டாக மேசைமேல் கிடக்கின்றன. மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த முகம் சரியில்லை என்பது அதற்கு முன்பே எனக்கு உள்ளுக்குள் தெரியும். காது விழுந்த பிறகுதான் ஒத்துக்கொண்டேன்.

மரத்தை நுணுக்கமாக வெட்டும் ஸ்க்ரோல் சா மெஷின் வாங்கியவர்களில் பாதிப்பேருக்கு ஒரு நாள் இந்த ஆசை வந்துவிடும். பிள்ளைகளுக்கு யானை, மயில் வெட்டி, வாசலுக்குப் பெயர்ப்பலகை வெட்டி முடித்ததும், 'ஒரு போட்டோவையே மரத்தில் வெட்டினால் என்ன?' என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான். ஆறு மாதப் பழக்கம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய 16 அங்குல மெஷின், கொஞ்சம் அசட்டுத் துணிச்சல். முதல் பலகை ஏன் கெட்டது, இரண்டாவதில் எதையெல்லாம் மாற்றினேன் என்று ஒரு பழைய கணக்கு நோட்டில் அன்றன்றே குறித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மெஷினைப் பார்க்காதவர்களுக்கு நாலு வரி. ஊசிக்குப் பதில் பிளேடு மாட்டிய தையல் மெஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 அங்குல நீளம், 0.3 மி.மீ. கனம் உள்ள பிளேடு நிமிடத்துக்கு 400 முதல் 1,600 தடவை மேலும் கீழும் போய்வரும். தைக்கும்போது துணியைத் திருப்புவது மாதிரி பலகையை நாம் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலகையில் ஒரு துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி அதன் வழியே கோத்து மறுபடி மாட்டினால், ஓரத்தைத் தொடாமல் நடுவில் மட்டும் வெட்டி எடுக்கலாம். முகம் செய்வது முழுக்க முழுக்க இந்த உள்வெட்டில்தான். நிழல் விழுந்த இடங்களையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டுப் பின்னால் கறுப்புத் துணி வைத்தால், மரம் வெளிச்சம், ஓட்டை நிழல். நடுவில் சாம்பல் நிறம் என்ற பேச்சே கிடையாது.

இருந்தது ஒரே போட்டோ

அப்பத்தாவுக்கு ஒரே ஒரு போட்டோதான் உண்டு. 1970-களில் மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. வெள்ளைத் திரை, நேர்முகம், இழுத்து வாரிய கொண்டை, கண்டாங்கிச் சேலை, இரண்டு பக்கமும் தோளை எட்டப் பார்க்கும் தண்டட்டி. சிரிப்பு இல்லை. அந்தக் காலத்து கிராமத்து மனுஷி கேமராவைப் பார்த்துச் சிரிப்பாளா என்ன? உறுத்துப் பார்க்கிறாள். சட்டமிட்ட கண்ணாடியின் நெற்றியில் வருஷக்கணக்காய் வைத்த சந்தனப்பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது.

முதலில் சுவரில் தொங்கியபடியே செல்போனில் ஒரு படம் எடுத்தேன். நெற்றிக்குக் குறுக்கே டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்தது. 'கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம்' என்று விட்டுவிட்டேன். முதல் தப்பு அது. மனுஷக் கண் அந்தக் கோட்டைப் பிரதிபலிப்பு என்று ஒதுக்கிவிடும். கம்ப்யூட்டருக்கு அதுவும் அப்பத்தாவின் நெற்றிதான்.

இரண்டாம் முறை சட்டத்தைப் பிரித்தேன். போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது. ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்ததும் மேல்தோல் உரிவது மாதிரி இருந்தது, சட்டென்று விட்டுவிட்டேன். பழைய படங்களில் ஈரம் ஏறி இப்படித்தான் ஆகும், பிடித்து இழுத்தால் முகமே கண்ணாடியில் தங்கிவிடும். அதனால் கண்ணாடியோடு சேர்த்தே திண்ணைக்குக் கொண்டுபோனேன். காலை பத்து மணி, நேர்வெயில் படாத வெளிச்சம். என் முதுகுக்குப் பின்னால் கொடிக்கயிற்றில் சபரிமலைக்குக் கட்டும் கறுப்பு வேட்டியை விரித்துவிட்டேன். கண்ணாடியில் தெரிவதற்கு வேறொன்றும் இல்லாததால் பிரதிபலிப்பு போய்விட்டது. கிட்டே போய் எடுத்தால் ஓரங்கள் வளையும் என்பதால் கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தேன். இரண்டு நிமிட வேலை. முதலிலேயே செய்திருக்கலாம்.

கறுப்பா வெள்ளையா

ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் 'த்ரெஷோல்டு' என்று ஒரு கருவி இருக்கிறது. ஓர் எல்லையைச் சொன்னால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் கறுப்பு, மேலே உள்ளதெல்லாம் வெள்ளை. இந்த எல்லையைக் கணக்குப் போட்டுத் தானாகக் கண்டுபிடிக்கும் வழிகளும் உண்டு. அவற்றில் பேர்பெற்றது ஜப்பானியரான நொபுயுகி ஒட்சு 1979-இல் எழுதிய முறை. புள்ளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகும் இடத்தில் கோடு போடும்.

நானும் தானியங்கியை அழுத்தினேன். வந்தது ஒரு கறுப்பு உருவம். முகத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை. நெற்றியில் மட்டும் வெள்ளையாக அந்த டியூப்லைட் கோடு.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. அந்தப் படத்தில் ஒன்றுக்கொன்று ரொம்பவும் விலகிய இரண்டு கூட்டம் எது? வெள்ளைத் திரையும் அப்பத்தாவும். வெயிலில் உழைத்த கறுத்த முகம். வெளுத்த திரைக்குப் பக்கத்தில் அந்த முகத்தின் வெளிச்சமும் நிழலும் கணக்குக்கு ஒன்றே. கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் அது கொடுத்திருக்கிறது. நான் கேட்டதுதான் தப்பு. வெள்ளைக்காரர்கள் எழுதிய வழிமுறைகளில் இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது, அவர்களுடைய படங்களில் முகமே வெளிச்சமான பகுதி. நம் ஊர் முகத்தை, அதுவும் ஸ்டுடியோ வெள்ளைத் திரைக்கு முன்னால் எடுத்ததை எடுத்துக்கொண்டால், முதல் காரியமாகத் திரையை வெட்டி எறிய வேண்டும்.

அன்று இதெல்லாம் தெரியாது. எல்லையைக் கையால் கீழே இறக்கிக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் கண்ணும் மூக்கும் வந்தன, சேலை மடிப்பு பாதி காணாமல் போனது. இன்னொரு கட்டத்தில் சேலை வந்தது, வாய் ஒரு கறுப்புப் பட்டையாகிவிட்டது. நடுவில் எங்கோ நிறுத்தி, 'ஆச்சு' என்று அச்செடுத்துவிட்டேன். 112 துளை போட வேண்டிய படம். அதில் இருந்தது யாரோ ஒரு கோபக்கார ஆம்பளை.

என்னை ஏமாற்றியது பாரதியார் படம் என்று இப்போது நினைக்கிறேன். தலைப்பாகை, மீசை, இரண்டு கண். மூன்றையும் சுவரில் கரியால் கிறுக்கினாலும் ஊருக்கே தெரியும். சே குவேரா படமும் அப்படித்தான். 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் அல்பெர்தோ கோர்தா எடுத்த போட்டோவை 1968-இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் இரண்டே தொனியில் வரைந்தார். இன்று பனியன், ஆட்டோ முதுகு என்று எங்கும் அதுதான். தொப்பியும் நட்சத்திரமும் தாடியும் பாதி வேலையை முடித்துவிடுகின்றன. அப்பத்தாவுக்குத் தொப்பியும் கிடையாது, தாடியும் கிடையாது. தண்டட்டி உண்டு, ஆனால் அது எங்கள் ஊர்ப்பக்கத்துக் கிழவிகள் எல்லாருக்குமே உண்டு. அவள்தான் என்று சொல்ல இருப்பது கண் இடுக்கும் வாய்க் கடையும் மட்டுமே. இரண்டும் சேர்ந்து பலகையில் ஒரு தீப்பெட்டி அளவுகூட வராது.

காது ஏன் விழுந்தது

விழுந்த துண்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்ததும் பாதி விடை கிடைத்தது. நான் எடுத்தது கடையில் கிடைத்த சாதாரண 4 மி.மீ. பிளைவுட். மூன்று அடுக்கு. மேலும் கீழும் இழை நெடுக்காக ஓடும், நடு அடுக்கில் குறுக்காக ஓடும். பிளைவுட்டுக்குப் பலமே இந்த மாற்று இழைதான். தண்டட்டியைக் கன்னத்தோடு பிடித்திருந்த பாலம் குறுக்கே ஓடியது, அகலம் 2 மி.மீ. அதில் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் இருப்பது பேருக்குத்தான், நெடுக்கிழை அந்த அகலத்தில் பிஸ்கட் மாதிரி ஒடியும். தாங்க வேண்டியது நடு அடுக்கு ஒன்றுதான். சரியாக அந்த இடத்தில் நடு அடுக்கே இல்லை. இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஓர் இடைவெளி, உள்ளே வெறும் காற்று. மலிவு பிளைவுட்டில் இது சகஜம். அலமாரி செய்பவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 2 மி.மீ. பாலத்துக்கு அது சாவு.

மீதிப் பாதி என் கைவேலை. அச்சடித்த தாளை வெள்ளைப் பசை போட்டு நேராகப் பலகையில் ஒட்டியிருந்தேன். வெட்டி முடித்த பிறகு தாள் வரவில்லை. தண்ணீர் தடவினேன், பலகை உப்பியது. கடைசியில் உப்புத்தாளை எடுத்தேன். அந்தத் தேய்ப்பின் பக்கவாட்டு இழுப்பில்தான் பாலம் போனது. பசையில் ஆரம்பித்த தப்பு காதில் முடிந்தது.

பாலம் என்று சொல்கிறேனே, அது இந்த வேலையின் அடிப்படை. அரிசி மூட்டையில் பெயர் அடிக்கும் தகரத் தகட்டைப் பார்த்திருப்பீர்கள். 'ன' எழுத்தின் சுழிக்குள் இருக்கும் தகரம் எதையும் பிடித்துக்கொண்டிராவிட்டால் கழன்று விழுந்துவிடும், அதனால் சுழியை ஓர் இடத்தில் முறித்துப் பாலம் விட்டிருப்பார்கள். முகத்திலும் அதே கதை. கறுப்புக்கு நடுவில் தனியாக நிற்கும் வெள்ளை ஒவ்வொன்றும் ஒரு தீவு, பாலம் இல்லையென்றால் தரையில் கிடக்கும். அப்பத்தாவின் காது இதில் ஒரு விசித்திரம். தண்டட்டி போட்டுத் தொங்கிய மடல் ஒரு நீண்ட வளையம். வளையத்துக்குள் தெரியும் திரை வெள்ளை, அதைச் சுற்றிய மடல் கறுப்பு, மடலின் விளிம்பில் விழுந்த வெளிச்சம் மறுபடி வெள்ளை, அடியில் தண்டட்டியின் பளபளப்பு இன்னொரு வெள்ளை. தீவுக்குள் குளம், குளத்துக்குள் தீவு.

இரண்டாம் படம்

இந்தத் தடவை பலகையைத் தொடுவதற்கு முன்னால் பத்து நாள் படத்தோடு மட்டும் உட்கார்ந்தேன். வெட்டுவதைவிட இதற்கு அதிக நேரம் போனது. அது சரியான கணக்கு என்றுதான் இப்போதும் சொல்வேன்.

திரையை அழித்தேன். படத்தை மூன்று நகலாக்கி, தலைமுடிக்கு ஓர் எல்லை, முகத்துக்கு ஓர் எல்லை, சேலைக்கு ஓர் எல்லை என்று தனித்தனியாக வைத்து, நன்றாக வந்த பகுதிகளை மட்டும் ஒன்றாக ஒட்டினேன். என் படத்தில் முகத்துக்கு 92, சேலைக்கு 140. வேறு படத்துக்கு வேறு எண் வரும், இதை யாரும் நகலெடுக்க வேண்டாம். அதை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கோடுகளாக மாற்றி, குப்பையாக வந்த சின்னப் புள்ளிகளை அழித்துவிட்டு, அப்புறம் பென்சிலை எடுத்தேன். ஆமாம், பென்சில். அச்செடுத்த தாளையும் அசல் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கையாலேயே திருத்தினேன்.

மூக்கிலிருந்து ஆரம்பித்தேன். முதல் படத்தில் மூக்குக்கு இரண்டு பக்கமும் கோடு விட்டிருந்தேன், குழந்தை வரைகிற மாதிரி. போட்டோவில் அப்படிக் கோடே கிடையாது. மூக்குத்துளைக்கு அடியில் ஒரு நிழல், ஒரு பக்க மடிப்பில் மெல்லிய நிழல், அவ்வளவுதான். மேலே உள்ள மூக்கைப் பார்ப்பவர் மனமே வரைந்துகொள்கிறது. 1957-இல் கிரேக் மூனி என்ற உளவியலாளர் வெறும் கறுப்புத் திட்டுகளாக மாற்றிய முகங்களைக் குழந்தைகளிடம் காட்டி, திட்டுகளிலிருந்து முகத்தை எப்படிக் கூட்டிக்கொள்கிறார்கள் என்று சோதித்தார். அந்த வகைப் படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் முகம் மறைந்து வெறும் திட்டாகிவிடும். திருத்தும்போது அது கைகொடுத்தது. தாளைத் தலைகீழாக வைத்தால் மூக்கு, வாய் என்ற நினைப்பு போய்விடும். இந்தத் திட்டு போட்டோவில் உள்ள திட்டு மாதிரியே இருக்கிறதா என்று மட்டும் பார்க்க முடியும்.

கண்ணில் பட்டபாடு தனி. பலகையில் ஒரு கண்ணின் அகலம் 22 மி.மீ. கருவிழிக்குள் ஒரு வெளிச்சப்புள்ளி இருக்கும், அது இல்லாவிட்டால் முகம் செத்துப்போகும். அந்தப் புள்ளி ஒன்றரை மில்லிமீட்டர். கறுப்புக்கு நடுவில் தனித்தீவு. அதற்குப் பாலம் போட்டால் கருவிழிக்குக் குறுக்கே கோடு ஓடும், பூனைக்கண்ணாகிவிடும். பல தாள் கிழிந்த பிறகு கிடைத்த வழி இது. புள்ளியை லேசாக நகர்த்தி, பக்கத்து வெள்ளைவிழியோடு ஒட்டவைத்துவிட வேண்டும். தீவு தீபகற்பமாகிவிடும். மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் நகர்த்தியதே தெரியாது.

வாய் இன்னும் மோசம். உதடுகள் சேரும் கோடும் கீழுதட்டு நிழலும் சேர்ந்து ஒரே ஓட்டையாகி, முதல் படத்தில் அதுதான் கோபக்கார ஆம்பளையாக மாறியிருந்தது. நடுவில் ஒரு பாலம் போட்டு மேலே ஒன்று கீழே ஒன்று என்று பிரித்தேன். கோபம் குறைந்தது, ஆனால் கடுகடுப்பு போகவில்லை. வலது வாய்க்கடையில் கோட்டின் முனையை ஒரு மில்லிமீட்டர் மேலே ஏற்றினேன். சட்டென்று அப்பத்தா வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்த ஒரு மில்லிமீட்டர் போட்டோவில் இருக்கிறதா என்று கேட்டால், சத்தியமாகச் சொல்ல முடியாது.

பாலம் எல்லாம் குறைந்தது 3 மி.மீ. என்று முடிவு செய்துகொண்டேன். காதுக்கு மட்டும் வேறு ஏற்பாடு. மடலின் வெளிச்ச விளிம்பை மேலே காதோடும் கீழே தண்டட்டியோடும் சேர்த்து, தண்டட்டியைக் கழுத்தின் வெளிச்சத்தோடும் ஒட்டிவிட்டேன். முன்பு ஒரு பிடி, இப்போது மூன்று. துளைகள் 112-லிருந்து 74-ஆகக் குறைந்தன. குறைந்தது எல்லாம் சேலை மடிப்பில்தான். சேலையில் உள்ள ஒவ்வொரு மடிப்பையும் வெட்டி யாருக்கு என்ன லாபம்?

படத்தைக் கடைசியாக ஒருமுறை இடவலமாகத் திருப்பியும் பார்த்தேன். ஓவியர்கள் கண்ணாடியில் காட்டிப் பார்ப்பார்களே, அந்த வித்தைதான். பத்து நாள் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல் அப்போது குத்திக்கொண்டு தெரியும். எனக்கும் தெரிந்தது. இடது புருவம் இரண்டு மில்லிமீட்டர் தூக்கலாக இருந்தது. திருத்தி, சேமித்து, அச்செடுத்தேன்.

வெட்டு

பலகை இந்த முறை 3 மி.மீ. பிர்ச் பிளைவுட். லேசர் வெட்டுக்காரர்களுக்கு விற்கும் கடையில் கிடைத்தது. விலை கூடுதல், ஆனால் நடு அடுக்கில் ஓட்டை இல்லை. டார்ச்சை அடியில் பிடித்துப் பார்த்தேன், ஒரே சீராகச் செம்மஞ்சளாகத் தெரிந்தது. மானாமதுரையில் இருக்கும் அத்தைக்கும் ஒன்று கொடுக்கலாம் என்று இரண்டு பலகையை அடுக்கி, ஓரமெல்லாம் டேப் சுற்றி ஒன்றாக வெட்டினேன். இதில் எதிர்பாராத ஒரு நன்மை. 3 மி.மீ. பலகை தனியாக இருந்தால் பிளேடு வெண்ணெயில் போவது மாதிரி போய்விடும், நிறுத்துவதற்குள் கோட்டைத் தாண்டியிருக்கும். 6 மி.மீ. ஆனதும் கைக்கு ஒரு எதிர்ப்பு கிடைக்கிறது, நிதானம் வருகிறது. பலகைமேல் முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் ஸ்ப்ரே பசையில் தாள். வெட்டி முடித்து டேப்பை உரித்தால் தாளும் சேர்ந்து வந்துவிடும்.

பிளேடிலும் ஒரு மாற்றம். என் மெஷினோடு வந்தது முனையில் குறுக்கே ஆணி உள்ள பிளேடு. அந்த ஆணி நுழைய வேண்டும் என்றால் துளை பெரிதாக வேண்டும், கண்ணின் நிழலைவிடத் துளை பெரிதாகிவிடும். ஆணி இல்லாத பிளேடைப் பிடிக்கும் கவ்வி தனியாக விற்கிறார்கள். அதை வாங்கி மாட்டிய பிறகு 1 மி.மீ. துளை போதும் என்றாயிற்று. கண்ணுக்கு மெல்லிய 2/0 எண் பிளேடு, மற்றதுக்குச் சற்றுத் தடித்த 1 எண். அடிப்பக்கம் சில பற்கள் தலைகீழாக இருக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணப் பல் கீழே இழுத்து அடிப்பலகையில் சிராய் கிளப்பும், தலைகீழ்ப் பல் அதை மேல்நோக்கிச் சீவிவிடும். முழுக்க இல்லாவிட்டாலும் பெரும்பாலும்.

மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கனமான கட்டையில் சின்னதாக ஒரு கீறல் வெட்டி, கட்டையை அப்படியே அரைவட்டம் திருப்பிப் பிளேடின் முதுகுப் பக்கம் கொண்டுபோங்கள். கீறலுக்குள் பிளேடு சிக்காமல் நுழைந்தால் சரி. இழுவிசைக்கு அளவு மானி எல்லாம் கிடையாது. விரலால் சுண்டினால் தந்தி மாதிரி 'டிங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் தொய்வு.

எங்கே ஆரம்பிப்பது என்பதில் ஒரு இக்கட்டு. பலகை முழுசாக, விறைப்பாக இருக்கும்போதே நுணுக்கமானதை வெட்டிவிட வேண்டும், பெரிய ஓட்டைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலிலேயே கொண்டையை வெட்டி எடுத்துவிட்டால் பலகை அப்பளம் மாதிரி அதிரும். அப்படியென்றால் கண்தான் முதல் வெட்டு, கை பழகாத நேரத்தில். கண்ணை மட்டும் தனியாக அச்செடுத்துக் கழிவுப் பலகையில் மூன்று தடவை வெட்டிப் பழகினேன். முதல் கண் எள்ளுருண்டை. மூன்றாவது கண் என்னைப் பார்த்தது. கை சூடு ஆறுவதற்குள் அசலில் இறங்கினேன்.

பிளேடு நேராகப் போகாது என்பதை ஆரம்பத்தில் யாரும் சொல்லவில்லை. தயாரிப்பில் ஒரு பக்கம் பிசிர் தங்கிவிடுவதால் கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கும். பலகையை அதற்கு ஈடாகச் சற்றுச் சாய்த்துக் கொடுத்தால் சரியாகிவிடும், ஒரு மணி நேரத்தில் கை அதைத் தானாகவே செய்யும். கூர்முனைகளில் பிளேடைத் திருப்பப் பார்க்கக் கூடாது. ஒரு பக்கமிருந்து முனைவரை வந்து, பின்வாங்கி, மறுபக்கமிருந்து வந்து சேர வேண்டும். புருவத்தின் வால், கண்ணோரம் எல்லாம் அப்படித்தான். மெஷின் வேகம் பாதியைவிடக் குறைவு. முகமூடி கட்டாயம், பிளைவுட் தூள் தொண்டையில் இரண்டு நாள் நிற்கும்.

74 துளை. ஒவ்வொன்றுக்கும் கழற்று, கோர், மாட்டு, இறுக்கு, சுண்டிப் பார், வெட்டு. ஒன்பது பிளேடு ஒடிந்தது. அதில் ஆறு நான் அவசரப்பட்டுத் தள்ளியதால். இடது காதை வெட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, முடித்ததும் தலை சுற்றியது. காது நின்றது.

மேற்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய். பிர்ச்சின் வெளுப்பு கொஞ்சம் தேன்நிறமாகும். அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள், காற்றோடு சேர்ந்து தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுத்தான் குப்பையில் சேர்க்க வேண்டும். பின்னணிக்கு முதலில் கறுப்புச் சார்ட் பேப்பர் வைத்துப் பார்த்தேன், சாம்பலடித்தது. வெல்வெட் துணி வைத்ததும் நிழல் ஆழமாகிவிட்டது. அடுக்கில் மேலே இருந்த பலகையை நிறையப் பசை போட்டு ஒட்டி, சட்டம் அடித்து, எங்கள் வீட்டு ஹாலில் மாட்டினேன். கீழே இருந்தது அத்தைக்கு, இன்னும் ஒட்டவில்லை.

அத்தை பொங்கலுக்கு வந்தது. செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பார்த்துவிட்டது. கிட்டப் போய், தண்டட்டியை விரலால் தொட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"ஏண்டா," என்றது, "எங்காத்தா எப்படா வலது தோள்ல மாராப்பு போட்டுச்சு?"

இடவலமாகத் திருப்பிப் புருவத்தைத் திருத்தினேனே, மறுபடி திருப்பிப் போடாமலேயே சேமித்திருக்கிறேன். மூன்று ஞாயிறு வெட்டி, எண்ணெய் பூசி, சட்டம் அடித்து, தினமும் அதற்குக் கீழே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன். கண்ணில் படவில்லை. தினமும் சேலை கட்டுகிற அத்தைக்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது.

ஓட்டையாக வெட்டிய படத்தில் ஒரு சௌகரியம், அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ஒட்டாமல் இருந்த பலகையைத் திருப்பினால் தீர்ந்தது. ஆனால் அடுக்கில் கீழே இருந்த பலகையின் அடிப்பக்கம் அது, தலைகீழ்ப் பல்லையும் மீறி அங்கங்கே சிராய் இருந்தது. அன்று ராத்திரி நகத்தளவு அரமும் 320 எண் உப்புத்தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காதுப்பக்கம் தேய்க்கும்போது அடியில் விரலை முட்டுக்கொடுத்துத்தான் தேய்த்தேன். மறுநாள் எண்ணெய் பூசி, வெல்வெட்டில் ஒட்டி, அத்தை கையில் கொடுத்தேன். ஹாலில் இருப்பதைப் பிய்த்தால் உடைந்துவிடும் என்பதால் அது அப்படியே இருக்கிறது, மாராப்பு வலது தோளில்.

அத்தை படத்தைத் தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"இப்ப சரி. எங்காத்தாதான். ஆனா அது இம்புட்டுச் சிரிச்சு நாம் பாத்ததில்ல."